புற்றுநோயாளியின் இரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ: திருகோணமலையில் இருந்துகொண்டு எந்த மாதிரியைத் தெரிவது?

புற்றுநோயாளியின் நோயெதிர்ப்புக் கலங்களுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சின்ன மரபுத் துண்டு என்ன வேலை பார்க்கிறது என்று தேட ஆசைப்படும் பிள்ளைகள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏயைக் கண்டுபிடித்ததற்காக 2024 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் கிடைத்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஆய்வுக்கான காரணமும் நம் கண்முன்னேயே இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நாள் முழுக்க வாயில் அடக்கி வைக்கிற பழக்கம் கடலுக்குப் போகிறவர்களிடமும் வயலில் நிற்கிறவர்களிடமும் இன்னும் விடுபடவில்லை.

ஆய்வுத் திட்டம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷினில அளக்கலாம் சேர்?" என்பதுதான். மெஷின் பிறகு. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது மாதிரி. முழு இரத்தமா, கலங்கள் நீக்கிய திரவமான பிளாஸ்மாவா, பிபிஎம்சி என்று சொல்கிற, ஒற்றைக்கரு வெண்குழியங்களை மட்டும் பிரித்த கலவையா, அல்லது அதிலிருந்தும் டி கலங்கள் என்ற ஒரு வகையை மட்டும் பிரித்தெடுப்பதா? இந்த நான்கில் எது என்பதில்தான் ஆய்வு உருப்படுமா இல்லையா என்பது இருக்கிறது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கேள்வி நோயெதிர்ப்புக் கலத்தைப் பற்றியது என்றால் கலத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அந்தப் பிரிப்பைத் திருகோணமலையிலேயே, இரத்தம் எடுத்த அன்றே செய்ய வேண்டும். மற்ற மூன்றும் சுலபம்தான். ஆனால் அவை பதில் சொல்வது வேறு கேள்விகளுக்கு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், மைக்ரோ ஆர்என்ஏ வேலை செய்கிற விதம் அப்படி. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைட்டு, அதாவது 22 எழுத்து, நீளமுள்ள சின்னத் துண்டு அது. தானாக எந்தப் புரதத்தையும் உருவாக்காது. ஆர்கோநோட் என்ற புரதத்தோடு சேர்ந்து, புரதம் செய்யும் கட்டளையைக் கொண்டுபோகும் தூது ஆர்என்ஏக்களில் பொருத்தமானதைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து புரதம் உருவாகும் அளவைக் குறைக்கும். அந்தப் பொருத்தத்துக்கு முக்கியமானது இரண்டாம் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரையுள்ள துண்டு. இவ்வளவு சின்னத் துண்டு என்பதால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான தூது ஆர்என்ஏக்களில் போய் ஒட்டலாம். எந்தக் கலத்தில் எந்தத் தூது ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதைப் பொறுத்தே விளைவும் இருக்கும். 1993 இல் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்என்ஏ கண்டுபிடிக்கப்பட்டபோது இது புழுவின் தனிக்குணம் என்றே பலரும் நினைத்தார்கள். 2002 இல் கார்லோ குரோச்சேயின் குழு, நாட்பட்ட லிம்போசைட் இரத்தப்புற்று உள்ள பலரிடம் 13 ஆம் நிறமூர்த்தத்தில் மிர்-15, மிர்-16 (மிர் என்பது மைக்ரோ ஆர்என்ஏயின் சுருக்கம்) இரண்டும் இருக்கும் பகுதி தொலைந்துபோயிருப்பதைக் காட்டியது. புற்றுநோயோடு மைக்ரோ ஆர்என்ஏ சேர்த்துப் பேசப்படுவது அங்கே தொடங்கியது.

மிர்-155 ஐ எடுத்துப் பாருங்கள். எலியின் பி கலங்களில், அதாவது எதிருடல் உருவாக்கும் வெண்குழியங்களில், இதை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தால் இரத்தப்புற்று உருவாகிறது. 2006 இல் இதைக் காட்டினார்கள். மனிதரில் பல லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுகளிலும் இது எகிறி நிற்கிறது. இதை மட்டும் பார்த்தால் மிர்-155 ஒரு எதிரி, அடக்கப்பட வேண்டியது. ஆனால் மறுவருடமே, 2007 இல், மிர்-155 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றின் நோயெதிர்ப்பே சரியாக இயங்கவில்லை. புற்றுக் கலத்தைக் கொல்கிற சிடி8 டி கலம் வேலை செய்வதற்கு மிர்-155 தேவை. சொக்ஸ்-1 என்ற தடைப் புரதத்தை அடக்கி, கலத்துக்கு உந்துதல் கொடுப்பது இதுதான். ஆகவே ஒரே மூலக்கூறு, பி கலத்தில் கூடினால் கேடு செய்யலாம், சிடி8 கலத்தில் கூடினால் நோயாளிக்கு நல்லதாக இருக்கலாம். "புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் மிர்-155 இரண்டு மடங்கு கூடியிருந்தது" என்று ஒரு வரி எழுதினால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? எந்தக் கலத்தில் கூடியது என்று தெரியாதவரை அந்த வரி நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே சொல்ல முடியாது.

மிர்-146ஏயும் இதே மாதிரித்தான். அழற்சி மூளும்போது அழற்சியை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தின் வழியாகவே இது உற்பத்தியாகி, டிராஃப்6, ஐராக்1 என்ற இரண்டு புரதங்களைக் குறைத்து, அழற்சியைத் தணிக்கிறது. மிர்-155 முடுக்குவதை மிர்-146ஏ நிறுத்துகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். இரண்டும் ஒரே இரத்தத்தில் ஒரே நேரத்தில் கூடியிருக்கும். மிர்-181ஏ டி கலத்தின் உணர்திறனைக் கூட்டுகிறது. மிர்-223 நியூட்ரோபில், மொனோசைட் என்ற வெண்குழிய வகைகளின் பக்கத்தைச் சேர்ந்தது. மிர்-150 டி, பி கலங்கள் போன்ற முதிர்ந்த லிம்போசைட்டுகளில் நிறைந்திருப்பது. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது விளங்கும்.

சரி, முழு இரத்தத்துக்கு வருவோம். இதைவிட வசதியான மாதிரி கிடையாது. ஆர்என்ஏயை அப்படியே நிலைநிறுத்தும் திரவம் உள்ள பாக்ஸ்ஜீன் டியூபில் 2.5 மில்லிலீற்றர் எடுத்தால் 18 முதல் 25 பாகை செல்சியசில் மூன்று நாள், பிரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும். மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ ஆறுதலாக அனுப்பலாம். நம் ஊர்ப் பகல் வெயில் 25 பாகைக்கு எவ்வளவோ மேலே என்பதால் ஐஸ்பெட்டி கட்டாயம், அவ்வளவுதான். வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் தேவையில்லை, கை தேர்ந்த ஆள் தேவையில்லை.

பிரச்சினை கணக்கில் வருகிறது. ஆரோக்கியமானவரின் 100 வெண்குழியங்களில் 30 லிம்போசைட் என்று வைத்துக்கொள்வோம். புற்றுநோயாளிக்கு அது 12 ஆகக் குறைந்து, நியூட்ரோபில் ஏறியிருக்கிறது. புற்றுநோயில் இந்த மாற்றம் மிகச் சாதாரணம். நியூட்ரோபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் இடையிலான விகிதத்தையே பல வைத்தியர்கள் நோயின் போக்குக்கு அடையாளமாகப் பார்க்கிறார்கள். இப்போது எந்த ஒரு லிம்போசைட்டுக்குள்ளும் மிர்-150 இன் அளவு கொஞ்சம்கூட மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழு இரத்தத்தை அளந்தால் மிர்-150 இரண்டரை மடங்கு குறைந்ததாகக் காட்டும். மரபுப் பொருளைச் சுழற்சிக்கு இரண்டு மடங்காகப் பெருக்கி அளக்கும் பிசிஆர் மெஷினில் அது 1.3 சுழற்சி வித்தியாசம். புள்ளியியலில் பளிச்சென்று தெரியும். மிர்-223 ஏறியதாகவும் காட்டும். கலத்துக்குள் எதுவும் நடக்கவில்லை, கலங்களின் எண்ணிக்கைதான் மாறியது. இதைக் கண்டுபிடிக்க மைக்ரோ ஆர்என்ஏ தேவையே இல்லை, ஆஸ்பத்திரியில் எடுக்கிற சாதாரண எஃப்பிசி என்ற இரத்தக்கல எண்ணிக்கை ரிப்போர்ட் போதும். கீமோவுக்கு முன் கொடுக்கும் டெக்சாமெதசோனும் இதே எண்ணிக்கைகளைக் குழப்பிவிடும். இன்னொரு சங்கடம், செங்குழியங்களிலிருந்து வரும் மிர்-451ஏயும் மிர்-486உம் முழு இரத்தத்தை நிறைத்து நிற்பவை. எல்லா ஆர்என்ஏயையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தல் செய்தால் காசு கொடுத்து வாங்கிய தரவில் பெரும்பங்கை இந்த இரண்டுமே தின்றுவிடும்.

பிளாஸ்மாவை ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்பது விளங்குகிறது. 2008 இல், இரத்தப் பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்என்ஏ உடையாமல் நிலைத்திருக்கிறது என்றும் புரஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் மிர்-141 ஐ அப்படிக் கண்டுபிடிக்கலாம் என்றும் காட்டிய பிறகு உலகம் முழுக்கக் கட்டுரைகள் குவிந்தன. கட்டியிலிருந்து கசிவது நேராகக் கையில் கிடைக்கிறது என்ற நம்பிக்கை அது. 2012 இல் வந்த மறுபார்வை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அடக்கியது: திடக்கட்டிப் புற்றுநோய்களுக்கு அடையாளமாக அறிவிக்கப்பட்ட சுற்றோட்ட மைக்ரோ ஆர்என்ஏக்களில் பாதிக்கு மேற்பட்டவை சாதாரண இரத்தக் கலங்களிலேயே நிறைந்திருப்பவை. பிளாஸ்மாவில் ஏறியது கட்டியிலிருந்து வந்ததா, உடைந்த செங்குழியத்திலிருந்தா, பிளேட்லெட்டிலிருந்தா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

திருகோணமலைக்கு இது இன்னும் பொருந்தும். இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பிரிக்காத டியூபை வாகனத்தில் அந்தத் தூரம் குலுக்கிக்கொண்டு போனால் செங்குழியங்கள் உடையும். டியூபை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாஸ்மா லேசாக இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைவுகூட மிர்-451ஏ, மிர்-16 இரண்டையும் தூக்கிவிடும். அதற்காகவே மிர்-451ஏக்கும், உடைவால் அவ்வளவாக மாறாத மிர்-23ஏக்கும் இடையிலான சுழற்சி வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். அது 7 ஐத் தாண்டினால் மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது. பிளாஸ்மாவை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. சிகிச்சைக்கு முன், பின் என்று ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதற்கு அது உதவும். ஆனால் தலைப்பில் "நோயெதிர்ப்புக் கலங்களில்" என்று எழுதிவிட்டு உள்ளே பிளாஸ்மாவை அளப்பது தவறு. கலத்துக்கு வெளியே இருப்பதை வைத்துக் கலத்துக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது.

பெரும்பாலான ஆய்வுகள் தெரிவது பிபிஎம்சியை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ டியூபில் 10 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, உப்புக் கரைசலால் ஐதாக்கி, 1.077 அடர்த்தியுள்ள ஃபிகோல் என்ற திரவத்தின் மேல் மெதுவாகச் சரியவிட்டு, பிரேக் இல்லாமல் சுற்ற வேண்டும். சரியாக வந்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, கீழே தெளிந்த ஃபிகோல், இரண்டுக்கும் நடுவே மெல்லியதாக, வெண்மையாக ஒரு மங்கலான வளையம் நிற்கும். பைபெட்டின் நுனியை டியூபின் சுவரில் சாய்த்து, வளையத்தைச் சுற்றிச் சுற்றி உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக உறிஞ்சினால் ஃபிகோலும் சேர்ந்து வந்துவிடும். அந்த வளையத்தில்தான் லிம்போசைட்டும் மொனோசைட்டும் இருக்கின்றன. நியூட்ரோபிலும் செங்குழியமும் அடியில் இறங்கிவிடும். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் கலம் கிடைக்கும்; கீமோ எடுத்தவரிடம் அதைவிடக் குறையும். ஹெபாரின் டியூபைத் தொடவே வேண்டாம், ஹெபாரின் பிசிஆரைத் தடுக்கும். அறை 18 முதல் 20 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வைகாசி, ஆனி மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இதைச் செய்யப் போனால் அடர்த்தி மாறி, வளையம் குழம்பும்.

முழு இரத்தத்தைவிடப் பிபிஎம்சி எவ்வளவோ மேல். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, இதுவும் கலவைதான். டி, பி, என்கே, மொனோசைட் எல்லாம் ஒன்றாக இருக்கும். மற்றது புற்றுநோய்க்கே உரியது, பலர் கவனிக்காதது. புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் அடர்த்தி குறைந்த நியூட்ரோபில்கள், டி கலங்களை அடக்கும் மைலொயிட் கலங்கள் என்று ஒரு கூட்டம் உருவாகிறது. இவை அடியில் இறங்காமல் பிபிஎம்சி வளையத்திலேயே தங்கிவிடும். ஆரோக்கியமானவரின் வளையத்தில் இவை அநேகமாக இருக்காது. ஆகவே நோயாளியின் பிபிஎம்சியில் மிர்-223 பாய்ந்து ஏறியது என்று வந்தால், அது வளையத்துக்குள் நுழைந்த நியூட்ரோபிலின் அடையாளமாக இருக்கலாம். இரத்தத்தைப் பல மணி நேரம் அப்படியே வைத்தாலும் இதே கோளாறுதான்: நேரம் போகப் போக நியூட்ரோபில்கள் தூண்டப்பட்டு அடர்த்தி குறைந்து மேலே வந்துவிடும். காலையில் கிளினிக்கில் எடுத்த இரத்தம் பின்னேரம் மட்டக்களப்பு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்து பிரிக்கப்பட்டால், அருகில் இருந்து வந்த ஆரோக்கியமானவரின் இரத்தத்தோடு அதை ஒப்பிடவே கூடாது. தூரத்தால் வந்த வித்தியாசத்தை நோயால் வந்தது என்று எழுதிவிடுவோம்.

ஆகவேதான் நான்காவது வழி. பிபிஎம்சி எடுத்த கையோடு, காந்த மணிகளால் டி கலங்களை அல்லது சிடி8 கலங்களை மட்டும் பிரிப்பது. இதற்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் போன்ற பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு காந்தத் தாங்கி, மணிகள் உள்ள ஒரு கிட், இரண்டும் போதும். இரண்டு விதமாகச் செய்யலாம். வேண்டிய கலத்தையே மணியால் பிடிப்பது ஒன்று. வேண்டாதவை அனைத்தையும் மணியால் பிடித்து அகற்றி, வேண்டியதைத் தொடாமல் மிச்சம் எடுப்பது மற்றது. இரண்டாவது விலை கூடியது. ஆனாலும் அதையே எடுங்கள். டி கலத்தின் மேலுள்ள சிடி3 புரதத்தைப் பிடிக்க மணியில் ஒட்டியிருக்கும் எதிருடல் அந்தக் கலத்தைத் தூண்டிவிடக்கூடியது, டி கலம் தூண்டப்பட்டால் முதலில் ஏறுகிறவற்றில் ஒன்று மிர்-155. நாம் அளக்க வந்ததையே நம் கையால் மாற்றிவிட்டு அளப்பதில் அர்த்தமில்லை.

பிரித்த கலங்களை எண்ணி, பீனோல்-குவானிடின் கரைசலில் உடனே கரைத்துவிட்டால் ஆர்என்ஏயைச் சிதைக்கும் நொதிகள் அந்த நிமிடத்திலேயே நின்றுவிடும். மைனஸ் 80 பாகைக் குளிரூட்டியில் அது மாதக்கணக்கில் இருக்கும். இங்கேதான் தூரமும் ஒரு தடையாக இல்லாமல் போகிறது. உயிருள்ள இரத்தத்தைக் கொழும்புக்கு ஓட்டுவதற்குப் பதிலாக, கரைத்து உறைய வைத்த டியூப்களைச் சேர்த்து வைத்து, உலர்பனியில் ஒரே தடவையில் அனுப்பலாம். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிற கட்டடத்திலேயே குளிரூட்டியை வையுங்கள்.

கட்டியிலிருந்தே நோயெதிர்ப்புக் கலங்களை எடுத்தால் இன்னும் உண்மைக்குக் கிட்ட வருமே என்று கேட்பார்கள். வரும். ஆனால் வாயில் எடுக்கும் பயொப்சி சின்னத் துண்டு, அது முதலில் நோயறிதலுக்கு உரியது. அதில் பங்கு கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

மெஷின் கேள்விக்கு இப்போது பதில் சுலபம். பிரித்த கலத்திலிருந்து கிடைக்கும் ஆர்என்ஏ கொஞ்சம்தான். ஸ்டெம்-லூப் பிரைமரால் செய்யும் கியூபிசிஆருக்கு (அளவறியும் பிசிஆர்) 10 நானோகிராம் போதும். சிறு ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குப் பொதுவாக அதைப்போல் பத்து மடங்காவது கேட்பார்கள், விலையும் எங்கோ நிற்கும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் வரிசைப்படுத்தல் வேண்டும். நம் நோக்கம் அதுவல்ல. மிர்-155, மிர்-146ஏ, மிர்-181ஏ, மிர்-150, கூடவே தூய்மையைப் பார்க்க மிர்-223, மிர்-451ஏ என்று ஆறு போதும். கடைசி இரண்டும் பிரித்த டி கலத்தில் ஏறியிருந்தால் பிரிப்பு சரியில்லை என்று தெரிந்துவிடும். ஒப்பீட்டு அளவுகோலாக யு6 என்ற சிறு ஆர்என்ஏயை மட்டும் நம்பாதீர்கள், அது கலத்தின் நிலையைப் பொறுத்து மாறும். இரண்டு மூன்றைச் சோதித்து நிலையானதைத் தெரிவு செய்யுங்கள். மிர்-16 ஐ அளவுகோலாக வைப்பவர்களும் உண்டு. செங்குழியத்தில் நிறைந்திருக்கும் ஒன்றை அப்படி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்ப்புற்றுநோயாளிக்குப் புண்ணும் தொற்றும் அநேகமாக இருக்கும். மிர்-155உம் மிர்-146ஏயும் எந்தத் தொற்றிலும் ஏறுபவை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருபது பேரிடம் இரத்தம் எடுத்து ஒப்பிட்டால் கிடைப்பது வயதின் வித்தியாசமும் பல் ஈறின் வித்தியாசமும்தான். அதே வயதில், அதே வெற்றிலைப் பழக்கத்தோடு, புற்றுநோய் இல்லாமல் பல் கிளினிக்குக்கு வருகிறவர்கள்தான் சரியான குழு. இவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம், ஆனாலும் கிட்டுக்குச் செலவழிக்கும் காசைவிட இதற்குச் செலவழிக்கும் நேரத்துக்குப் பயன் அதிகம்.

இது வெறும் ஆய்வுகூடக் கண்டிப்பு என்று யாராவது நினைத்தால் எம்ஆர்எக்ஸ்34 ஐப் பாருங்கள். கட்டியை அடக்கும் மிர்-34ஏயின் செயற்கை வடிவம் அது. கொழுப்புத் துளியில் வைத்து ஈரல் புற்றுநோய் முதலானவற்றுக்குக் கொடுத்தார்கள். 2016 இல் முதற்கட்டச் சோதனையிலேயே கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகள் வந்து, உயிரிழப்பும் ஏற்பட்டு, நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டிக்கு என்று கொடுக்கும் மைக்ரோ ஆர்என்ஏ நோயெதிர்ப்புக் கலத்தைக் கிளறினால் என்ன ஆகும் என்பது நோயாளியின் உயிர்ப் பிரச்சினை. எந்தக் கலத்தில் எது என்ன செய்கிறது என்ற அறிவு நிறையச் சேர வேண்டியிருக்கிறது, அதில் ஒரு சின்னப் பங்கை இங்கிருந்தும் சரியாகச் செய்யலாம்.

காந்த மணிக் கிட் வாங்கக் காசு இல்லையென்றால்? பிபிஎம்சியோடு நில்லுங்கள், ஆனால் எடுத்த ஆறு மணித்தியாலத்துக்குள் பிரித்து, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் பூசி நிறமூட்டி, எத்தனை நியூட்ரோபில் வந்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். சென்ட்ரிபியூஜும் இல்லையென்றால் முழு இரத்தம்தான். அப்போது அதே நாள் எஃப்பிசி எண்ணிக்கைகளைக் கணக்கில் சேர்த்து, தலைப்பையும் முழு இரத்தத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள். எந்த வழியில் போனாலும் இரத்தத்தைச் சத்திரசிகிச்சைக்கும் கதிருக்கும் கீமோவுக்கும் முன்னால், நெறிமுறைக்குழு அனுமதியோடு, வழமையான பரிசோதனைக்கு ஊசி குத்தும் அதே நேரத்தில் எடுங்கள். மட்டக்களப்புக்கும் மகரகமவுக்கும் சிகிச்சைக்காக அலைந்து களைத்தவரின் கையில் ஆய்வுக்காக இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டாம்.